வளைப்பதா, நீட்டுவதா, மாற்றுவதா: பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டை

பர்மிங்ஹாமில் 1930களில் செய்த பாக்ஸ்லாக் (பூட்டுப் பொறி இரும்புப் பெட்டிக்குள் அடங்கும் வகை) துப்பாக்கி ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். 12 போர் (குழலின் உள்ளளவு), இரண்டு குழலும் பக்கம் பக்கமாக, விசையும் இரண்டு. இங்கே இங்கிலாந்தில் இந்த மாதிரி அதிகம் பெயர் வாங்காத பர்மிங்ஹாம் துப்பாக்கிகள் சல்லிசாகவே கிடைக்கும். போலீஸ் தரும் ஷாட்கன் (ரவைத் துப்பாக்கி) சர்டிஃபிகேட் இருந்தால் வாங்கலாம். குழல் சுத்தமாக இருந்தது, மூடினால் கச்சிதமாகப் பூட்டியது, தோளில் வைக்கும் மரக் கட்டையில் விரிசல் இல்லை. ஆனாலும் இரண்டு மாதம் ஞாயிறுதோறும், குறிக்காகப் பறக்கவிடும் களிமண் தட்டுகளுக்குக் கீழே இருந்த காற்றைத்தான் சுட்டேன். வலது கன்னத்தெலும்பு வீங்கியது. விசைக்காப்பு இடித்து இடித்து நடுவிரல் கன்றிப்போனது.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள். கட்டை குட்டை, பின்னால் ஒரு ரப்பர் பேட் வைத்து நீட்டிக்கொள். நானும் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன். உட்கார்ந்து அளந்து பார்த்த பிறகுதான் நோய் வேறு இடத்தில் என்று தெரிந்தது.

அளப்பது பெரிய வித்தை இல்லை. தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, துப்பாக்கியை மேஜைமேல் கவிழ்த்து வையுங்கள். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை மேஜையில் படிய வேண்டும், முனையிலுள்ள சின்னக் குறிமணி மேஜை விளிம்பைத் தாண்டி இருக்க வேண்டும். இப்போது மேஜைக்கும் கட்டையின் மேல்விளிம்புக்கும் இருக்கும் இடைவெளிதான் இறக்கம். இதை இரண்டு இடத்தில் எடுப்பார்கள்: மேல்விளிம்பு தொடங்கும் காம்ப், தோளில் படும் மேல் மூலையான ஹீல். கட்டையின் நீளம் என்பது முன் விசையிலிருந்து பின்முகத்தின் நடு வரைக்கும். கட்டை பக்கவாட்டில் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பது காஸ்ட். வலது தோளில் வைப்பவருக்கு வலப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

என் துப்பாக்கியில் நீளம் 14¼ அங்குலம். காம்பில் இறக்கம் 1⅝, ஹீலில் 2⅝. காஸ்ட் ⅛. என் அப்பா மரவேலை பார்த்தவர், அதனால் இன்ச்சுக்கு எட்டு நூல் என்பது எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும். துப்பாக்கிக் கட்டை செய்கிறவர்களும் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்றுதான் பேசுகிறார்கள். எனவே இனி நூல் கணக்கிலேயே சொல்கிறேன்: ⅛ என்றால் ஒரு நூல், 1/16 என்றால் அரை நூல்.

என் உயரம் 5 அடி 7 அங்குலம். 14¼ எனக்குக் குட்டையே இல்லை. முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்க்கிற பழைய சோதனை ஒன்று உண்டு. அது முன்கையின் நீளத்தைச் சொல்லும். கழுத்தையும் தோளையும் முகத்தையும் பற்றி ஒன்றும் சொல்லாது. துப்பாக்கியைத் தோளில் வைத்த நிலையில் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் போகிற அளவு இடம் இருந்தால் சரி. எனக்கு இருந்தது. இன்னொன்று: இரண்டு விசைத் துப்பாக்கியில் பின் விசை ஏறக்குறைய ஓர் அங்குலம் பின்னால் இருக்கும். இரண்டாம் குழலைச் சுடும்போது கை நேரான பிடியில் கொஞ்சம் பின்னால் வழுக்கிப் போக வேண்டும், நீளமும் அந்த அளவு குறைந்துவிடும். ஆகவே ஒற்றை விசை உள்ள மேல்கீழ்க் குழல் துப்பாக்கியின் 14½-ஐயும் இதன் 14½-ஐயும் ஒன்றாக நினைத்து ஒப்பிடக் கூடாது.

சரி, அப்படியென்றால் கோளாறு எங்கே? ஹீலில் இருந்த அந்த 2⅝-இல். இன்றைக்கு கடையில் வாங்கும் இங்கிலாந்துப் பாணித் துப்பாக்கியில் காம்ப் 1½, ஹீல் 2 முதல் 2¼ என்ற அளவில் இருக்கும். ஷாட்கன்னுக்குப் பின்னால் தனியாக ஒரு குறிகாட்டி கிடையாது. அந்த வேலையைக் கண்தான் செய்கிறது. கண் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைக் கன்னம் படும் இடம் தீர்மானிக்கிறது. கட்டை தாழ்ந்திருந்தால் கன்னத்தை அழுத்தியதும் கண் பட்டைக்குக் கீழே இறங்கிவிடும். முன்னால் தெரிவது துப்பாக்கியின் முதுகு மட்டும். தட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தலை தானாகக் கட்டையைவிட்டு எழும்பும். எழும்பிய கன்னத்தை உதைப்பு வந்து அறையும். என் வீக்கத்துக்குக் காரணம் அது. பின்முகம் குழலின் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு உதைப்பில் முனை மேலே துள்ளும் என்பது இதோடு சேர்ந்த தொல்லை. விசைக்காப்பு விரலை இடித்ததற்கு அந்தத் துள்ளலும் என் தளர்ந்த பிடியும்தான் காரணம்.

பக்கம் பக்கமாகக் குழல் இருக்கும் துப்பாக்கிக்கு இது இன்னும் முக்கியம். மேல்கீழாக அடுக்கிய குழல்கள் நெட்டுக்குத்தாக விறைப்பாக நிற்கும். பக்கவாட்டில் படுத்த குழல்களோ வெடிக்கும் நொடியில் கீழ்நோக்கிக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அதனால் இந்த வகைக்குக் கட்டையைக் கொஞ்சம் உயரமாகவே அமைப்பது பழக்கம். கண்ணாடி முன்னால் நின்று துப்பாக்கியைத் தூக்கி, கண் பட்டைக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதுதான். ஆனால் இந்த வளைவு கண்ணாடியில் தெரியாது, சுட்டால்தான் தெரியும்.

சுட்டுப் பார்க்க ஓர் இரும்புத் தகடும் வெள்ளைச் சுண்ணாம்பும் போதும். 16 கஜத்தில் நின்று, குறி வைக்காமல், தட்டைச் சுடுவது போலத் தூக்கியதும் சுட வேண்டும். பத்துத் தோட்டா சுட்டால் ரவைக் கூட்டத்தின் நடு எங்கே விழுகிறது என்பது தெளிவாகிவிடும். 16 கஜம் ஏன்? கண்ணிலிருந்து முனை மணி வரைக்கும் ஏறக்குறைய 36 அங்குலம். 16 கஜம் என்பது 576 அங்குலம், அதாவது அதைப் போல் 16 மடங்கு. எனவே தகட்டில் ஓர் அங்குலம் விலகினால் கன்னம் படும் இடத்தில் அரை நூல் திருத்தம். 40 கஜத்தில் அதே அரை நூல் 2½ அங்குலமாகிவிடும். துப்பாக்கி உலகத்தில் எனக்குப் பிடித்த கணக்கு இதுதான். யார் கருத்தையும் கேட்க வேண்டியதில்லை, தகடே சொல்லிவிடும்.

எனக்கு 4 அங்குலம் கீழே, 1 அங்குலம் இடது என்று வந்தது. கன்னம் படும் இடத்தில் 2 நூல் உயர வேண்டும், அரை நூல் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் வழிகளை ஒப்பிட்டேன்.

ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். எந்தக் கண் மேலோங்கியது, அதாவது குறி பார்ப்பதில் எந்தக் கண் முந்துகிறது என்று பார்த்துவிடுங்கள். வலது தோளில் வைப்பவருக்கு இடது கண் மேலோங்கியிருந்தால் இந்த நூல் கணக்கெல்லாம் வீண். அதற்காகவே வலது தோளிலிருந்து இடது கண்ணுக்கு வளைந்து போகிற கட்டைகளை அந்தக் காலத்தில் செய்திருக்கிறார்கள். பார்த்தால் பாம்பு நெளிவது போல இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்தக் கண்ணை மூடுவார்கள், அல்லது மூக்குக் கண்ணாடியில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

முதலில் ரப்பர் பேட். எல்லோரும் சொன்ன வழி என்பதால் இதை ஒழுங்காக யோசித்தேன். என் கட்டையின் மேல்விளிம்பு காம்பிலிருந்து ஹீல் வரை, சுமார் 9 அங்குலத்தில், ஒரு முழு அங்குலம் இறங்குகிறது. பின்னால் ஓர் அங்குலம் நீட்டினால் என்ன ஆகும்? தோள் பின்னால் போகும், தலையும் பின்னால் போகும், கன்னம் சரிவில் ஓர் அங்குலம் தள்ளித் தாழ்வான இடத்தில் படும். கண் கிட்டத்தட்ட ஒரு நூல் இறங்கிவிடும். ஏற்கனவே 4 அங்குலம் கீழே சுடும் துப்பாக்கி 6 அங்குலம் கீழே சுடும். எல்லோரும் நல்ல எண்ணத்தில் சொன்ன மருந்து நோயை வளர்த்திருக்கும்.

இதனால் நீட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. கட்டை உண்மையிலேயே குட்டையாக இருந்து, மேல்விளிம்பு அதிகம் சரியாமல் இருந்தால் அதுதான் சரியான வழி. அதிலும் இரண்டு விதம். ரப்பர் பேட் விலை குறைவு, உதைப்பையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஆனால் வேட்டைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு மேலே வராமல் தடுக்கும். தோல் போர்த்திய பேட் வழுக்கும், விலை கூடும். வால்நட் மரத் துண்டை ரேகை பார்த்து ஒட்டி நீட்டுவது கண்ணுக்கு அழகு. நல்ல கை என்றால் ஒட்டு இருக்கும் இடமே தெரியாது. எதைச் சேர்த்தாலும் பின்பக்கம் கனம் ஏறும். இந்தத் துப்பாக்கிகளை கீல் ஆணிக்குப் பக்கத்தில் சமன்படும்படி செய்திருப்பார்கள், அந்தச் சமன் கொஞ்சம் பின்னால் போகும். சிலர் அதை விரும்புகிறார்கள்.

குட்டையாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன், அல்லது கடைசியாக யோசியுங்கள். அறுத்த மரம் திரும்பி வராது. எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவிக்காக ஒரு நல்ல பழைய துப்பாக்கியை 13½-க்கு அறுத்துவிட்டார். அந்த அம்மா இரண்டு தடவை சுட்டுவிட்டு டென்னிஸுக்குப் போய்விட்டார்.

அடுத்தது ஒட்டு வேலை. காம்பின் மேல் துணிப் பட்டையை அடுக்கடுக்காக ஒட்டலாம், அல்லது கயிற்றால் இறுக்கிக் கட்டும் தோல் உறை ஒன்றுக்குள் பட்டைகளைச் செருகலாம். செலவு அதிகம் இல்லை. ஒரே ஒரு ஜாக்கிரதை: பட்டை மேலே மட்டும் இருக்க வேண்டும். இடப்பக்கமும் தடித்தால் முகம் இடது பக்கம் தள்ளப்பட்டு, இருக்கிற காஸ்டையும் தின்றுவிடும். நான் மூன்று பட்டை ஒட்டி 2 நூல் உயர்த்தினேன். அடுத்த ஞாயிறே வித்தியாசம் தெரிந்தது. தட்டுகள் உடைந்தன, கன்னம் வீங்கவில்லை. தகட்டிலும் நடு கிட்டத்தட்ட குறிக்கே வந்தது, இடது பக்க விலகல் மட்டும் அப்படியே.

இதோடு நிறுத்தியிருக்கலாமா? பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மழையில் தோல் உறை நனைந்து கனத்தது, பட்டை நகர்ந்தது, 90 வயது வால்நட் மரத்துக்குப் பாண்டேஜ் போட்டது போல இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் பரிசோதனைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. இந்தப் பட்டை ஒட்டி நாலு வாரம் சுட்டுப் பார்க்காமல் வேறு எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

வளைப்பது என்றதும் முதலில் எனக்கே பயம்தான். மரத்தை எப்படி வளைப்பது? கட்டையின் கைப்பிடிப் பகுதியில் துணி சுற்றிச் சூடான ஆளிவிதை எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சிலர் அகச்சிவப்பு விளக்கால் சூடேற்றுவார்கள். சூடு உள்ளே இறங்கியதும் மரம் இளகும். திருகுச் சட்டத்தில் மாட்டி மெல்ல மெல்ல அழுத்தி, அப்படியே இரவு முழுக்க ஆறவிடுவார்கள். மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் ஒரே தடவையில் வளைக்கலாம்.

வளைவது கைப்பிடியில் என்பதால் மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வராது. ஹீல் அங்கிருந்து 13 அங்குலம் தள்ளி இருக்கிறது, கன்னம் படும் இடம் அதில் பாதித் தூரம், காம்ப் 4 அங்குலம். எனக்குக் கன்னத்தில் 2 நூல் வேண்டுமென்றால் ஹீலில் 4 நூல் உயர்த்த வேண்டும். காம்ப் ஒரு நூல் அளவே உயரும். அதாவது 1⅝, 2⅝ என்றிருந்தது 1½, 2⅛ ஆகும். காஸ்டிலும் அதே கணக்கு: கன்னத்தில் அரை நூலுக்கு ஹீலில் ஒரு நூல், ஆக மொத்தம் ¼ அங்குலம். என்ன ஆச்சரியம் என்றால், இந்த எண்கள் இன்றைய கடைத் துப்பாக்கியின் எண்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஒரு பக்கவிளைவை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. ஹீல் மேலே போகும்போது பின்முகம் முழுதும் திரும்புகிறது, கீழ் மூலையான டோ பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. அரை அங்குலம் உயர்த்தினால் டோ ஒன்றரை நூல் வெளியே வரும். அது மார்பில் குத்தும், முனையையும் மேல்நோக்கித் தள்ளும். வளைத்த பிறகு டோவைக் கொஞ்சம் இழைக்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே எதிர்பாருங்கள்.

எந்தத் துப்பாக்கியை வளைக்கலாம் என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. பாக்ஸ்லாக் நல்லது. 1875-இல் ஆன்சன், டீலி இருவரும் காப்புரிமை வாங்கிய அமைப்பில் பூட்டு முழுதும் இரும்புப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது, கைப்பிடிக்குப் பக்கத்தில் மரம் நிறைய மிஞ்சுகிறது. சைட்லாக் துப்பாக்கியில் இரண்டு பக்கமும் தகடு பதிக்க மரத்தைக் குடைந்திருப்பார்கள். தகடு பின்பக்கமாக நீளும் வகையில் குடைவு கைப்பிடிக்குள்ளேயே போய்விடும், அங்கே வெடித்துவிட வாய்ப்பு அதிகம். பழைய விரிசலை ஒட்டியிருந்தாலும், பல வருடத்து இயந்திர எண்ணெய் ஊறிப்போய்க் கறுத்திருந்தாலும், ரேகை கைப்பிடியில் குறுக்கே ஓடினாலும் விட்டுவிடுங்கள். ஹீலில் 2 நூல் என்பது சாதாரண வேலை. 4 நூல் கைதேர்ந்தவருக்கு மட்டும். அதற்கு மேல் ஒரே தடவையில் கேட்பது பேராசை. நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி செய்து, பழுது பார்ப்பவர்) முதலிலேயே ‘வெடித்தால் பொறுப்பு உங்களுடையது’ என்று எழுதி வாங்குவார். அதைப் பார்த்து ஓடாதீர்கள், எழுதி வாங்காதவரைப் பார்த்தால்தான் யோசிக்க வேண்டும்.

புதிய கட்டை போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. துருக்கி வால்நட் பலகை, மாதக்கணக்கில் கைவேலை, கடைசியில் சட்டை தைத்தது போலப் பொருந்தும். பெரிய பெயருள்ள லண்டன் துப்பாக்கி, கட்டை மட்டும் போய்விட்டது என்றால் செய்யலாம். என்னுடையது மாதிரி பர்மிங்ஹாம் பாக்ஸ்லாக்குக்குச் செய்தால் கட்டைக்குக் கொடுப்பது துப்பாக்கி விலையைப் போல் பல மடங்கு ஆகும். குதிரையைவிட சேணம் விலை.

அப்புறம், விற்றுவிட்டு வேறு வாங்குவது. இதை வீம்பு பார்க்காமல் யோசிக்க வேண்டும். ஸ்பெயினில் ஐபர் ஊரில் ஆயா (AYA) கம்பெனி செய்யும் துப்பாக்கிகளை உங்கள் அளவு கொடுத்தே செய்து வாங்கலாம். அவர்களுடைய நம்பர் 4/53 அதே ஆன்சன் டீலி அமைப்புதான். ஏலத்திலும் அளவு பார்த்து எடுக்கலாம். பழைய துப்பாக்கியில் மரம் யாரோ ஒருவரின் உடம்புக்குச் செய்தது. அந்த ஆள் உங்களைப் போல இருந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இடது கைக்காரருக்காக இடப்பக்கம் ஒதுக்கிய கட்டைகளை யாரும் சீந்துவதில்லை, மலிவாகப் போகும். இடது கைக்காரர்கள் கவனிக்கலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நண்பர்களுக்கு என் பதில் வேறு. அங்கே ஆசைப்பட்டு வாங்குவது மெரிடனில் செய்த பார்க்கர், ஃபுல்டனில் செய்த எல்.சி. ஸ்மித் மாதிரி துப்பாக்கிகளை. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் தலையை நிமிர்த்திச் சுட்டார்கள். ஹீலில் 3 அங்குல இறக்கம், நீளம் 14 என்பது அங்கே சர்வ சாதாரணம். 3-ஐ 2⅛-க்குக் கொண்டுவர 7 நூல் வேண்டும். அது வளைப்பில் அடங்காது. நீட்டினாலோ, அந்தச் சரிவில் கன்னம் இன்னும் கீழே இறங்கும். தோல் உறையோடு வாழப் பழகுங்கள், இல்லையென்றால் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஹீலில் 2½-க்குக் குறைவாக இருப்பதைத் தேடுங்கள். அழகான செதுக்கு வேலையைப் பார்த்து மயங்கி 3 அங்குல இறக்கத்தை வாங்காதீர்கள்.

நான் வளைத்தேன். பாக்ஸ்லாக், சுத்தமான கைப்பிடி, நேரான ரேகை, கேட்பது 4 நூல் என்று எல்லாம் எல்லைக்குள் இருந்தன. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மேஜையில் கவிழ்த்து அளந்தால் 1½, 2⅛, காஸ்ட் ¼. டோவை ஒன்றரை நூல் இழைக்கச் சொன்னேன், நீளத்தைத் தொடவே இல்லை. தகட்டில் ரவைக் கூட்டத்தின் நடு குறிக்கு ஓர் அங்குலம் மேலே வந்தது. பட்டை ஒட்டிச் சுட்டபோது வந்ததைவிடக் கொஞ்சம் உயரம்தான், ஆனால் எழும்பிப் பறக்கும் தட்டுக்கு அது நல்லதே.

கோடை முடிந்து மறுபடி அளந்தபோது ஹீல் அரை நூல் பழையபடி இறங்கியிருந்தது. மரத்துக்கு ஞாபகம் உண்டு என்று கன்ஸ்மித் முன்னமே சொல்லியிருந்தார். கன்னத்தில் அது கால் நூல், 16 கஜத்தில் அரை அங்குலம். விட்டுவிட்டேன்.